ஒரெஸ்தே காருக்கு டிக்கி வைத்த கதை

ஒரெஸ்தே மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். காபிக் கோப்பைகள் மூன்றும் துள்ளி எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஆகஸ்ட் பத்தாம் தேதி. என் பெண்டாட்டி குடுக்கிற லிஸ்ட்ல இருக்கிற கடைசிச் சாமான் வரைக்கும் என் கார்ல ஏறும். ஒரே ஒரு கரண்டி வெளிய நின்னாலும் சரி, அன்னிக்கே காரை வித்துடறேன்!"

மோதெனா நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில், சதுக்கத்துக் காபிக்கடையில் நின்று ஒரு வார்த்தை சொல்வது பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிய விஷயம். பத்திரத்தை எலி தின்னலாம். காபிக்கடைக்காரர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஒரெஸ்தேயின் பழைய குடும்பக் கார் ஜூலை மாதம் உயிரை விட்டது. "நாலு கதவு, பெரிய டிக்கி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள் அவன் மனைவி நீவெஸ். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். போன இடத்தில் சிவப்பாக ஒன்று நின்றது. இருபத்தைந்து வயதுக் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இவனைப் பார்த்துக் கண்ணடித்தது. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. நாலு கதவு வாங்கப் போனவன் இரண்டு கதவோடு வீடு வந்து சேர்ந்தான். இருக்கையும் இரண்டே இரண்டு.

நீவெஸ் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன் மூடியைத் தூக்கினாள்.

"இன்ஜின் எங்க?"

"முன்னாடி இல்ல."

பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள்.

"இங்கயும் காணோமே. அதை வெச்சுட்டே வந்துட்டியா?"

"நடுவுல நீவெஸ், நடுவுல! சீட்டுக்கு நேர் பின்னாடி. அதனால பாரம் நடுவுல நிக்கும். வளைவுல திருப்பினா தண்ணி மாதிரி திரும்பும்."

"ஓகோ. அப்ப கடலுக்குக் கொண்டுபோற சாமானையும் தண்ணியாக் கரைச்சு ஊத்திக்கலாமா?"

ஒரெஸ்தே இரண்டு மூடியையும் மறுபடி திறந்து பார்த்தான். முன்னால் ஒரு குழி; அதில் ஸ்டெப்னி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு குழி. அதில் ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு நாளிதழும் வைக்கலாம், நாளிதழை மடித்து.

மறுநாள் காலை நீவெஸ் எங்கோ வெளியே போய்வந்தாள். வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "ஆகஸ்ட்டுல நம்ம சாமான் மொத்தமும் இதுல ஏறினா கார் இருக்கட்டும். இல்லேன்னா இதை வித்துட்டு நான் சொன்ன காரை வாங்கு."

சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவன், அந்தச் சாந்தத்தைப் பார்த்தே உஷாராகியிருக்க வேண்டும். அவன் உஷாராகவில்லை. நேரே காபிக்கடைக்குப் போனான். மணி பதினொன்று. மேசையில் குத்தினான்.

அன்று சாயங்காலமே லிஸ்ட் வந்தது.

மோதெனாக்காரர்கள் கடலுக்குப் போவார்கள், குளிப்பார்கள், வெயிலில் காய்வார்கள். ஆனால் கடலோரத்துச் சமையலைத் தொடமாட்டார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு மாவு பிசையத் தெரியாது என்பது இவர்களுடைய உறுதியான எண்ணம். ஆகவே வீட்டுச் சமையலறையையே பெயர்த்துக்கொண்டு போவார்கள். நீவெஸின் லிஸ்டில் இருந்தவை: மாவு தேய்க்கும் பெரிய பலகை. ஒரு மீட்டர் நீளப் பூரிக்கட்டை. பத்துக் கிலோ மாவு. நாலு டஜன் முட்டை. சூப்புப் பானை. வண்டிச் சக்கரம் போன்ற சீஸில் கால்வாசி. தலையணைத் தடிமனில் ஒரு மொர்த்தாதெல்லா இறைச்சி உருளை. குடை, இரண்டு மடக்கு நாற்காலி, இரண்டு பெட்டித் துணி. அப்புறம் லாம்ப்ருஸ்கோ ஒயின், இருபத்து நாலு பாட்டில். சிவப்பாக நுரைக்கிற அந்த ஊர் ஒயின்.

"இருபத்து நாலா? போன வருஷம் பன்னெண்டுதானே?"

"போன வருஷம் எட்டாம் நாளே தீர்ந்துபோச்சுன்னு குடைக்கு அடியில உக்காந்து மூக்கைச் சிந்தினது யாரு?"

அது ஒரெஸ்தேதான்.

லிஸ்டை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்கு ஓடினான். பட்டறை பிரீமோ மேஸ்திரியுடையது. பந்தயக் கார்களுக்கு நாற்பது வருஷம் தகடு தட்டியவர். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் காலை ஏழு மணிக்குப் பதில் எட்டு மணிக்குத் தட்ட ஆரம்பிப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு காரின் விலாவைத் தடவிப் பார்த்தார், ஜுரம் அடிக்கிற குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"அழகு" என்றார். "கையை வைக்கவே மனசு வரலை."

"வெச்சுத்தான் ஆகணும் மேஸ்திரி. இதெல்லாம் ஏறணும்."

மேஸ்திரி லிஸ்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் எழுதியிருந்தது.

"ஏன்டா, கடலுக்குப் போறியா, கப்பல் ஏறி ஊரை விட்டே போறியா?"

"மேல ஒரு கேரியர் வெச்சுட்டா..." என்று ஒரெஸ்தே மெல்ல ஆரம்பித்தான்.

மேஸ்திரியின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. கோயில் பூசையின் நடுவில் கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. யாராவது காதுல விழப்போகுது. இந்தக் கார் மேலயா? கேரியரா? அதுல குடையும் நாற்காலியும் கட்டி, இந்தச் சதுக்கத்து வழியாப் போவியா? உன்னைப் பெத்தவங்க இந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடந்தாங்கப்பா."

ஒரெஸ்தேக்கு வெட்கமாகிவிட்டது. அவனும் இந்த ஊர்க்காரன்தான். வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்தால் பொறுத்துக்கொள்வான். காரின் வளைவில் ஒரு முடிச்சுத் தெரிந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே முடிவாயிற்று. எதைச் செய்தாலும் உள்ளேதான். வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஒரு நூல் வித்தியாசம்கூடத் தெரியக் கூடாது.

முன் குழியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டார்கள். அந்த இடத்தில் சூப்புப் பானை அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பானைக்குள் மாவு, மாவுக்குள் முட்டை.

"டயர் பஞ்சரானா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"சூப்பு வெச்சுக் குடிப்போம்" என்றான் ஒரெஸ்தே. அவ்வளவு குஷி.

பின் டிக்கியின் அடித்தகட்டை அறுத்து, ஒரு சாண் ஆழப்படுத்தி, புதுத் தகடு தட்டிப் போட்டார்கள். இருபத்து நாலு பாட்டிலும் இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரெஸ்தேக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே சதுக்கத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்து, பாட்டில்களோடு மலைப்பாதையில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மாதா கோயில் சாமியார் முன்னாலேயே வந்து நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. அந்தச் சத்தத்தை எல்லாரும் கேட்க வேண்டாமா?

கேட்டார்கள்.

டப்!

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. அந்த ஊரில் பால்காரனுக்கும் இன்ஜின் வைத்தியம் தெரியும்.

"மூணாவது சிலிண்டர்" என்றார் முடிவெட்டுகிறவர்.

டப்! டப்!

"நாலாவது. காதுல என்ன வெச்சிருக்கே?" என்றார் காபிக்கடைக்காரர்.

"வால்வு" என்றார் சாமியார், கண்ணை மூடிக்கொண்டு.

டப் டப் டப் டப்! காரின் பின்பக்கமே குதித்தது. அடியிலிருந்து சிவப்பாக ஒழுகி, கல் பாவிய சதுக்கத்தில் ஓடியது. நுரைத்துக்கொண்டு ஓடியது.

"ஐயோ, ரத்தம்!" என்று ஒரு அம்மாள் அலறினாள்.

"எண்ணெய்!"

"எண்ணெய் சிவப்பாவா இருக்கும்?"

சாமியார்தான் குனிந்தார். விரலைத் தொட்டார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"போன வருஷத்து அறுவடை" என்றார். "நல்லாவே இருந்திருக்கும்."

நுரைக்கிற ஒயினைக் கொண்டுபோய் ஜூலை வெயிலில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக் குலுக்கினால் என்ன ஆகும் என்று ஒரெஸ்தே யோசிக்கவில்லை. மேஸ்திரியும் யோசிக்கவில்லை. காரின் அழகு கெடாமல் இருக்கிறதா என்பதைத் தவிர இருவரும் எதையுமே யோசிக்கவில்லை. அடுப்பைத் தொட்டுப் பழகியவள் நீவெஸ் ஒருத்திதான். அவள் கோயில் படியில் நின்று இருபத்து நாலையும் விரல்விட்டு எண்ணி முடித்தாள்.

"எல்லாம் ஏறிடுச்சு ஒரெஸ்தே. இறங்கினதைத்தான் நாய் நக்குது."

அவன் தலை குனிந்தான். விற்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். கையால் காரின் முதுகைத் தடவினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒயின் வாடை என்று சொல்லிக்கொண்டான்.

ஆனால் நீவெஸ் என்ன செய்தாள் தெரியுமா? அன்று மத்தியானமே பட்டறைக்கு வந்தாள். கையில் இரண்டு பேருக்கும் பலகாரம்.

"பின்னாடி சூடா இருக்கிறது ஒண்ணும் குத்தம் இல்ல மேஸ்திரி. துணியை அங்க வைங்க. போய்ச் சேரும்போது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். பாட்டில் குளிர்ச்சியா இருக்கணும். சீட்டுக்குப் பின்னாடி தக்கைப் பலகை அடிச்சு வெச்சா சூடு வராதுல்ல?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாற்பது வருஷம் தகடு தட்டியவருக்கு இது தோன்றவில்லை.

"வராதும்மா" என்றார் மேஸ்திரி. "ஆனா அங்க இடம் இல்ல. சீட்டு இடிக்குது."

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளினா?"

"அது நகர்ற தண்டவாளம் குறுக்க நிக்குது. அதை அறுத்துட்டு, சீட்டைத் தரையோட வெல்டிங் வெச்சாத்தான்."

"வெச்சிடுங்க!" என்று கத்தினான் ஒரெஸ்தே. அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

"அளவு பாக்க யாராவது உள்ள உக்காரணுமே" என்றார் மேஸ்திரி.

"நான் உக்காரறேன்" என்றாள் நீவெஸ். "ஒரெஸ்தே வெளிய நின்னு பாட்டிலை அடுக்கட்டும். அவன் அடுக்கினாத்தான் சரியா இருக்கும்."

பெண்டாட்டி வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டைக் கேட்டு அவனுக்கு எத்தனை வருஷமோ ஆகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாட்டிலைத் தூக்கினான். நீவெஸ் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவான உடம்பு.

"எத்தனை நிக்குது?"

"ஆறு! இன்னும் கொஞ்சம் முன்னாடி போ."

"இப்ப?"

"ஒம்பது! இன்னும் போ!"

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல ஒரெஸ்தே. உனக்கு எவ்வளவு வேணுமோ சொல்லு."

"போ, போ, போ! நாலு விரல் இன்னும்! பதினொண்ணு... பன்னெண்டு! அங்கயே நில்லு! மேஸ்திரி, அடிங்க வெல்டிங்கை!"

மேஸ்திரி அடித்தார். அப்புறம் பக்கத்து இருக்கை. அதற்கும் நீவெஸ்தான் உட்கார்ந்தாள். அதற்கும் பன்னிரண்டு. பாட்டில்களுக்குப் பின்னால் பெரிய பலகை நட்டமாக நின்றது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் பூரிக்கட்டையும் குடையும் ஒட்டிப் படுத்துக்கொண்டன. சீஸ் கால் வைக்கும் இடத்துக்குப் போயிற்று. நாற்காலிகளை மடக்கிக் கூரையின் உள்பக்கத்தில் வார் போட்டுக் கட்டினார்கள். மொர்த்தாதெல்லாவுக்குக் கதவில் ஒரு பை. வெளியே போய் நின்று பார்த்தார்கள். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மேஸ்திரி ஒரெஸ்தேயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பசை காய, வர்ணம் காய, காரைப் பட்டறையிலேயே பூட்டி வைத்தார்கள். "யாரும் தொடக் கூடாது" என்றார் மேஸ்திரி. ஒரெஸ்தே தினமும் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆகஸ்ட் பத்து. காலை எட்டு மணி. காரைக் கையாலேயே சதுக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாட்சிக்கு ஊரே நின்றது. காபிக்கடைக்காரர் லிஸ்டை உரக்கப் படித்தார்.

"பலகை?"

"ஏறியாச்சு!"

"பானை?"

"ஏறியாச்சு!"

"இறைச்சி?"

"கதவுல தூங்குது!"

ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கடைசிப் பாட்டிலைச் செருகிவிட்டு ஒரெஸ்தே இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினான். வெளியே ஒரு கரண்டி இல்லை.

நீவெஸ் முன்னால் வந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஜெயிச்சுட்டே ஒரெஸ்தே. கார் நம்மகிட்டயே இருக்கட்டும். நான் இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சீட்டி அடித்தார்கள். தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். ஒரெஸ்தே சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். வலது காலை உள்ளே வைத்தான்.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

காலை வெளியே எடுத்தான். இடது காலை வைத்துப் பார்த்தான். இடுப்பை முதலில் விட்டுப் பார்த்தான். தலையை முதலில் விட்டுப் பார்த்தான். கால் வெளியே ஆடியது. ஆறடி இரண்டங்குல ஆள். பக்கவாட்டில் நுழைந்தபோது ஹாரன் அடித்தது, அவன் கை படாமலே.

"மூச்சை வெளிய விடு" என்றார் முடிவெட்டுகிறவர்.

"முழங்காலைக் கழட்டி டிக்கியில வை" என்றார் காபிக்கடைக்காரர்.

"மேஸ்திரி!" என்று அலறினான். "வெல்டிங்கை அறுங்க!"

மேஸ்திரி அரைக்கால் சட்டையில் நின்றார். தலையில் வைக்கோல் தொப்பி. "பட்டறையை நேத்தே மூடிட்டேன்பா. இருபத்தஞ்சாம் தேதிக்கு மேலதான் திறப்பேன். ஆகஸ்ட்டுல இந்த நாட்டுல யாருப்பா வேலை செய்யறாங்க?"

"அப்ப பாட்டிலையாவது இறக்குங்க. சீட்டை நானே மிதிச்சுப் பேத்துப் பின்னாடி தள்ளிக்கறேன்!"

காபிக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இறக்கலாம் ஒரெஸ்தே. ஆனா ஒரு கரண்டி வெளிய நின்னாலும்..."

மீதியை ஊரே சேர்ந்து சொன்னது.

அப்போது தெருமுனையிலிருந்து நீவெஸின் தங்கை லொரெத்தா வந்தாள். வருஷா வருஷம் அவர்களோடு கடலுக்கு வருபவள். பழைய காரில் சாமான் போக இடம் இல்லாமல் வருஷா வருஷம் ரயிலில் நின்றுகொண்டே வருபவள். இன்று கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் பட்டுத் துணி கட்டியிருந்தாள். அக்காவைவிட இரண்டு விரல் குட்டை. பக்கத்து இருக்கையில், பர்சில் காசு விழுகிற மாதிரி விழுந்து உட்கார்ந்தாள். சீஸின் மேல் காலை நீட்டிக்கொண்டாள்.

"மாமா, வளைவுல தண்ணி மாதிரி திரும்புமாமே? அக்கா சொன்னா."

"நீவெஸ்" என்றான் ஒரெஸ்தே. "அப்ப நான்?"

நீவெஸ் கைப்பையைத் திறந்தாள். ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகி, பையை லேசாகத் தட்டிவிட்டாள்.

"ஒம்பது நாப்பது. ஜன்னலோரம். ஓடு, நேரமாச்சு."

சாவியையும் அவன் விரலிலிருந்து அவளே கழற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள். இன்ஜின் உறுமியது. டிராக்டர் ஓட்டி வளர்ந்த பெண் அவள். கியரைப் போட்ட விதத்தைப் பார்த்துச் சாமியாரே "ஆகா" என்றார். சிவப்புக் கார் கோயில் மூலையில் திரும்பியது. அவன் சொன்னபடியே, தண்ணீர் மாதிரி திரும்பியது. இவ்வளவு அழகாக அது திரும்பி ஒரெஸ்தே பார்த்ததே இல்லை. பார்க்க வழியும் இல்லையே, எப்போதும் உள்ளேதானே இருந்தான்.

ரயிலில் இருநூறு பேர் நின்றார்கள். ஒரெஸ்தே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடேயப்பா! ஜூலை பன்னெண்டாம் தேதியே எடுத்துட்டீங்களா? அதுவும் காலைல எட்டு மணிக்கு, கவுண்டர் திறந்ததும். இப்படி முன்யோசனை உள்ளவங்களைப் பாக்கவே முடியறதில்லை சார்."

ஜூலை பன்னிரண்டு. ஒரெஸ்தே விரல்விட்டு எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். அன்றைக்குத்தான் அவன் மேசையைக் குத்தியது. பதினொரு மணிக்கு.

பரிசோதகர் டிக்கெட்டில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கையில் ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு குடைகூட இல்லாமல் வெறுங்கையோடு கடலுக்குப் போகிற மனிதனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார், இந்தக் கூட்டத்துல வந்து கஷ்டப்படறீங்க? வீட்டுல கார் இல்லையா?"

"இருக்குங்க" என்றான் ஒரெஸ்தே. "ஆனா அதுல சாமான் மட்டும்தான் போகும்."